மேட்ரிஜெல்லா, லாமினினா, கொலாஜனா? செல்களுக்குத் தளம் தேர்ந்தெடுக்கும் கணக்கு

மார்பகத்தின் இயல்பான எபிதீலியச் செல்களையும் புற்றுச்செல்களையும் வெறும் பிளாஸ்டிக் தட்டில் வளர்த்தால், பழகிய கண்ணுக்கும் வேறுபாடு சட்டென்று பிடிபடாது. இரண்டும் தட்டையாகப் பரவும், இரண்டும் பெருகும். அதே செல்களை மேட்ரிஜெல் என்ற மென்மையான புரத ஜெல்லுக்குள் புதைத்துப் பத்து நாள் விட்டுப் பாருங்கள். இயல்பான செல்கள் சில சுற்று பிரிந்து, பெருகுவதை நிறுத்திக்கொண்டு, சின்னஞ்சிறு உருண்டைகளாக ஒழுங்காக அமைந்துவிடும். புற்றுச்செல்களோ நிற்காமல் பெருகிக் கண்டபடி திரளும். புற்றுநோய் உயிரியலாளர் மினா பிஸ்ஸெல்லின் குழுவினர் இதை 1992-ல் காட்டினார்கள். 1997-ல் அதே குழு இன்னும் ஒரு படி போனது: புற்றுச்செல்லின் மேற்பரப்பிலுள்ள பீட்டா-1 இன்டெக்ரினை (தளத்தைப் பிடித்துக்கொள்ளச் செல் பயன்படுத்தும் புரதம்) ஆன்டிபாடி கொண்டு மறித்ததும், மரபணுவில் எந்தத் திருத்தமும் செய்யாமலே, அந்தச் செல்கள் இயல்பான உருண்டைகளைப் போல அடங்கி அமைந்தன.

தட்டில் எதைப் பூசுகிறோம் என்பது மருந்தின் அளவைப் போலவே சோதனையின் விடையை மாற்றக்கூடியது. ஆனாலும் பல ஆய்வகங்களில் சீனியர் எதைப் பூசினாரோ அதையே அடுத்தவரும் பூசுகிறார். எந்தச் செல்லுக்கு, எந்தக் கேள்விக்கு, எந்தத் தளம் என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

செல்கள் தாமே சுரந்து தம்மைச் சுற்றிப் பின்னிக்கொள்ளும் புரத வலையை ஆய்வகங்களில் ஈசிஎம் என்றே சொல்கிறோம். ஒரு தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று விஷயங்களைச் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறோம். முதலாவது, எந்தப் புரதம், அதை எந்த இன்டெக்ரின் பிடிக்கிறது என்பது. இரண்டாவது, தளம் எவ்வளவு கடினம் என்பது. மூன்றாவது, செல் தட்டையான பரப்பின்மேல் உட்கார்ந்திருக்கிறதா, நாலாபக்கமும் சூழப்பட்டிருக்கிறதா என்பது. பெரும்பாலான குழப்பங்கள், ஒன்றை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு மூன்றையும் மாற்றிவிடுவதில்தான் தொடங்குகின்றன. பிளாஸ்டிக்கில் வளர்ந்த செல்லையும் லாமினின் என்ற புரதம் நிறைந்த மேட்ரிஜெல்லுக்குள் வளர்ந்த செல்லையும் ஒப்பிட்டு "லாமினின் இப்படிச் செய்கிறது" என்று எழுதிவிட முடியாது. பாலிஸ்டைரீன் சுமார் 3 கிகாபாஸ்கல் கடினம். மேட்ரிஜெல் சில நூறு பாஸ்கல்தான். கோடி மடங்கைத் தொடும் அந்த வேறுபாட்டை எந்த இன்டெக்ரினின் கணக்கில் எழுதுவது?

மனித ப்ளூரிபொடென்ட் செல்கள்: அன்றாட வளர்ப்புக்கு எது?

எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய இவற்றில் கருவிலிருந்து எடுத்தவை இஎஸ், முதிர்ந்த செல்லை மாற்றியமைத்து எடுத்தவை ஐபிஎஸ். இஎஸ் செல்களை ஊட்டச்செல் (அடியில் துணைக்கு வளர்க்கும் வேறு செல்) இல்லாமல் வளர்க்கும் வழி 2001-ல் மேட்ரிஜெல்லால் திறந்தது; பின்னால் வந்த ஐபிஎஸ் செல்களுக்கும் அதுவே. இன்றும் அது வேலை செய்கிறது. ஆனால் அது எலியின் ஈஎச்எஸ் சார்கோமா என்ற புற்றுக்கட்டியிலிருந்து வடித்தெடுத்த சாறு என்பதை மறக்கக் கூடாது. ஏறக்குறைய 60 சதவீதம் லாமினின், 30 சதவீதம் கொலாஜன்-4, 8 சதவீதம் என்டாக்டின். மீதியில் ஹெபரான் சல்பேட் புரோட்டியோகிளைக்கன், டிஜிஎஃப்-பீட்டா, ஐஜிஎஃப்-1, இஜிஎஃப் போன்ற வளர்ச்சிக் காரணிகள் என்று பலதும் உண்டு. 2010-ல் வந்த ஒரு புரோட்டியோமிக்ஸ் ஆய்வு இதில் 1,800-க்கும் மேற்பட்ட புரதங்களை அடையாளம் கண்டது. லாட்டுக்கு லாட் (தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி) மாறுபடுவதற்குக் காரணம் இதுதான்.

அன்றாட வளர்ப்புக்கு மட்டும் என்றால் எங்கள் பரிந்துரை தயக்கமில்லாமல் வைட்ரோநெக்டின் என்ற ஒட்டுப் புரதம். மறுசேர்க்கை முறையில் தயாரித்த, சுருக்கப்பட்ட விடிஎன்-என் வடிவம் இ8 என்ற வளர்ப்பு மீடியத்தோடு 2011-ல் வந்தது. செல்கள் இதை முக்கியமாக ஆல்ஃபா-வி பீட்டா-5 இன்டெக்ரின் வழியே பிடிக்கின்றன. கணக்கு எளிது. ஆறு வெல் தட்டில் ஒரு வெல் ஏறக்குறைய 10 சதுர செ.மீ.; தேவை சதுர செ.மீ.க்கு 0.5 மைக்ரோகிராம். மி.லி.க்கு 0.5 மில்லிகிராம் உள்ள ஸ்டாக்கில் 60 மைக்ரோலிட்டரை, கால்சியமும் மக்னீசியமும் இல்லாத 6 மி.லி. டிபிபிஎஸ் உப்புக்கரைசலில் கலந்து, வெல்லுக்கு 1 மி.லி. விட்டு, அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். கழுவத் தேவையில்லை, உறிஞ்சிவிட்டு உடனே செல்களைப் போடலாம்.

வைட்ரோநெக்டினின் குறை அதன் பிடிமானம். பாசேஜ் செய்ய (பெருகிய செல்களைப் பிரித்துப் புதுத் தட்டுக்கு மாற்ற) 0.5 மில்லிமோலார் இடிடிஏ விட்டால் நான்கைந்து நிமிடத்தில் காலனிகள் தளர்ந்துவிடும். மேட்ரிஜெல்லின் பழக்கத்தில் ஏழெட்டு நிமிடம் விட்டவர் கையில் காலனிக்குப் பதில் ஒற்றைச் செல்கள்தான் மிஞ்சும்; மறுநாள் தட்டு பாதி காலியாக இருக்கும். நீண்ட நாள் நடக்கும் வேறுபடுத்தல் சோதனைகளில் இன்னொரு தொல்லை: அடர்ந்து வளர்ந்த செல்விரிப்பு ஓரத்திலிருந்து பாய் சுருண்டதுபோல் எழும்பிவிடும். இதயத்தசைச் செல்கள் துடிக்கத் தொடங்கும் கட்டத்தில் இது அதிகம். அந்த வேலைக்கு மேட்ரிஜெல்லையோ லாமினினையோ வைத்துக்கொள்வது நல்லது.

லாமினின்-521 விலை கூடியது. ஆனால் ஒரு வேலையில் அதற்கு நிகர் இல்லை: ஒற்றைச் செல்லாகப் பிரித்துப் போடுவது. மற்ற தளங்களில் ஒற்றைச் செல்லாகப் போட்டால் ஒய்-27632 போன்ற ராக் தடுப்பானை (ராக் என்ற நொதியை மறிக்கும் மருந்து) 10 மைக்ரோமோலார் அளவில் முதல் நாள் சேர்த்தே ஆக வேண்டும். சேர்க்காவிட்டால் பெரும்பாலானவை செத்துவிடும். லாமினின்-521 ஆல்ஃபா-6 பீட்டா-1 இன்டெக்ரின் வழியே உயிர்பிழைப்புச் சமிக்ஞையைத் தருவதால், தடுப்பான் இல்லாமலே ஒற்றைச் செல் பாசேஜ் சாத்தியம் என்று 2014-ல் காட்டப்பட்டது. மரபணுத் திருத்தம் செய்து குளோன் எடுப்பவருக்கு அந்த விலை தகும். வாரம் இருமுறை காலனி பிரித்துப் பராமரிப்பவருக்குத் தகாது.

பூசும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. வைட்ரோநெக்டினுக்கு நேர்மாறாக, லாமினினுக்குக் கால்சியமும் மக்னீசியமும் உள்ள டிபிபிஎஸ்தான் வேண்டும்; மாற்றி எடுத்தால் பூச்சு சரியாகப் பிடிக்காது. அடுத்தது, பூசிய வெல் காயவே கூடாது. காய்ந்த லாமினின் செயலிழந்துவிடும். மைக்ரோஸ்கோப்பில் அது தெரியாது. செல் போட்ட பிறகு, நடுவில் ஒட்டி ஓரத்தில் பிறைநிலா வடிவில் காலியாக நிற்கும்போதுதான் தெரியும். கரைசலை உறிஞ்சும்போது தட்டைச் சாய்த்து, ஒரு வெல்லை உறிஞ்சியதும் அதிலேயே மீடியம் விட்டுவிட்டு அடுத்த வெல்லுக்குப் போங்கள். ஆறையும் உறிஞ்சி முடித்துவிட்டு முதல் வெல்லுக்குத் திரும்புவதற்குள், ஹூட்டின் காற்றோட்டத்தில் அது காய்ந்திருக்கும்.

நோயாளிக்குப் போகும் செல்களைப் பற்றி யோசிப்பவர்கள் தொடக்கத்திலேயே எலிச் சாற்றை விட்டுவிடுவது நல்லது. பாதி வழியில் தளத்தை மாற்றினால் முன்பு சேர்த்த தரவுகள் எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டிவரும். எலியின் இஎஸ் செல்களுக்கு இத்தனை யோசனை வேண்டாம், 0.1 சதவீத ஜெலட்டினும் எல்ஐஎஃப் என்ற புரதமும் போதும்.

மேட்ரிஜெல்லைக் கையாளும்போது எங்கே கெடுகிறது

வழிமுறைத் தாளில் "அறை வெப்பம்" என்று எழுதியவர் மனதில் இருப்பது 20 டிகிரி. நம் ஊரில் ஏசி நின்ற அறை 32 டிகிரி. மேட்ரிஜெல் 10 டிகிரியைத் தாண்டினாலே உறையத் தொடங்கும். 22-க்கு மேல் விரைவாகக் கட்டிப்படும். பெரும்பாலான தோல்விகள் இங்கேதான்.

மேட்ரிஜெல்லை உருக்க, பனிக்கட்டி நிரப்பிய பெட்டிக்குள் குப்பியைப் புதைத்து, பெட்டியோடு 4 டிகிரி ஃபிரிட்ஜின் உட்பகுதியில் இரவு முழுக்க வையுங்கள். ஃபிரிட்ஜின் கதவுத் தட்டில் வைத்தால் திறந்து மூடும்போதெல்லாம் சூடு ஏறும். டிப், ட்யூப், மீடியம் எல்லாவற்றையும் முன்கூட்டியே குளிர வைக்க வேண்டும். டிப்பின் உட்சுவரில் பால்போல ஒரு படலம் தங்கினால் அது ஏற்கெனவே உறையத் தொடங்கிவிட்டது என்று பொருள். நீர்த்த பிறகு அது நூல்நூலாக மிதக்கும். அப்படிப் பூசிய தட்டில் செல்கள் தீவுத்தீவாக ஒட்டும். ஒருமுறை பயன்படும் அளவுக்குப் பிரித்து உறைய வையுங்கள். உருக்கியதை மறுபடி உறைய வைக்க வேண்டாம். இஎஸ் தரச் சான்று பெற்ற லாட்டுக்கு நீர்க்கும் அளவு லாட்டுக்கு லாட் மாறும். சான்றிதழைப் பார்க்காமல் போன லாட்டின் அளவையே போடுவது மிகப் பொதுவான தவறு.

"மேட்ரிஜெல்லில் வளர்த்தோம்" என்று ஒரு வரியில் எழுதுவதும் போதாது. மெல்லிய பூச்சு, தடித்த ஜெல்லின் மேற்பரப்பு, ஜெல்லுக்குள் புதைத்தல், ஜெல்லின்மேல் செல் போட்டு 2 சதவீத மேட்ரிஜெல் கலந்த மீடியம் ஊற்றுதல் ஆகிய நான்கும் நான்கு வேறு சோதனைகள். மெல்லிய பூச்சில் செல் உணர்வது பெரும்பாலும் அடியிலுள்ள பிளாஸ்டிக்கின் கடினத்தைத்தான்.

புற்றுச்செல்கள்: மேட்ரிஜெல்லும் கொலாஜன்-1-ம் ஒரே கேள்வியைக் கேட்பதில்லை

எபிதீலியத்தின் அடியிலுள்ள அடித்தளச் சவ்வைப் பிரதிபலிப்பது மேட்ரிஜெல். அதைத் துளைத்து வெளியே வந்த புற்றுச்செல் சந்திப்பது கொலாஜன்-1 நார்கள் நிறைந்த இணைப்புத் திசுவை. செல்லின் ஒழுங்கமைவு, மேல்-கீழ் திசையுணர்வு, நோயாளியின் திசுவிலிருந்து ஆர்கனாய்டு என்ற குட்டி உறுப்பு மாதிரி வளர்ப்பது, இவற்றுக்கு மேட்ரிஜெல். ஊடுருவி நகர்வதைப் பற்றிய கேள்விக்குக் கொலாஜன். 8 மைக்ரோமீட்டர் துளைகள் கொண்ட சவ்வுக் கிண்ணத்தில் (இன்செர்ட்) மேட்ரிஜெல் பூசி, மறுபக்கம் வந்த செல்களை எண்ணுவது எளிது, வேகமானது. முதல்நிலை வடிகட்டலுக்கு அது போதும். அதை மட்டும் வைத்துக்கொண்டு "இந்தச் செல் திசுவை ஊடுருவும்" என்று முடிவுகட்டுவது நியாயமில்லை. நார்களுக்கிடையே நெளிந்து போகும் வேலையை அந்தச் சோதனை பார்ப்பதே இல்லை.

கொலாஜன் ஜெல் தயாரிப்பை அருகில் பார்ப்போம். மி.லி.க்கு 4 மில்லிகிராம் உள்ள எலிவால் கொலாஜனிலிருந்து, மி.லி.க்கு 2 மில்லிகிராம் உள்ள 1 மி.லி. ஜெல் வேண்டும் என்றால்: பத்து மடங்கு செறிவுள்ள பிபிஎஸ் உப்புக்கரைசல் 100 மைக்ரோலிட்டர், ஒரு நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு 11.5 மைக்ரோலிட்டர் (கொலாஜன் கொள்ளளவை 0.023-ஆல் பெருக்கி வருவது), தண்ணீர் 388.5 மைக்ரோலிட்டர். இவற்றைப் பனிக்கட்டியில் முதலில் கலந்துவிட்டு, கடைசியில் 500 மைக்ரோலிட்டர் கொலாஜனை மெதுவாக விடுங்கள். பிசுபிசுப்பாக இருப்பதால் டிப்பை நுரையில்லாமல் ஏற்றி இறக்கிக் கலக்க வேண்டும். காரம் அளவு சரியா என்பதை பீனால் ரெட் என்ற நிறங்காட்டி சேர்த்திருந்தால் அது காட்டிவிடும்: மஞ்சளாக இருந்தால் அமிலம் மிச்சம், அடர் ரோஸாகப் போனால் காரம் கூடிவிட்டது. இளஞ்சிவப்பில் நிறுத்தி, 37 டிகிரியில் 30 முதல் 60 நிமிடம்.

உறையும் வெப்பநிலையைக் குறித்து வையுங்கள். குறைந்த வெப்பத்தில் மெதுவாக உறைந்தால் நார்கள் தடிக்கும், இடைவெளி அகலும். 37 டிகிரியில் மெலிந்த நார்களும் நெருங்கிய கண்ணிகளும் வரும். செறிவு ஒன்றே என்றாலும் செல் நகரும் வேகம் மாறும். திங்கட்கிழமை தட்டை நேராக இன்குபேட்டரில் வைத்தவரும், புதன்கிழமை பெஞ்சில் பத்து நிமிடம் மறந்தவரும் இரண்டு வேறு ஜெல் செய்திருக்கிறார்கள்.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை: கொலாஜனை எப்படிப் பிரித்தெடுத்தார்கள் என்பது. அமிலத்தில் பிரித்த கொலாஜனில் இரு முனைகளிலும் டெலோபெப்டைடு என்ற வால்கள் இருக்கும். நார்களுக்கிடையே குறுக்குப் பிணைப்பு உருவாக அவை தேவை. பெப்சினால் பிரித்ததில் அவை வெட்டப்பட்டுவிடும். வால் உள்ள ஜெல்லில் பல புற்றுச்செல்கள் எம்டி1-எம்எம்பி என்ற நொதியால் வழி வெட்டிக்கொண்டுதான் போக முடியும். வால் வெட்டிய ஜெல்லில் நொதி இல்லாமலே நெளிந்து போய்விடும். "புற்றுச்செல் ஊடுருவ நொதி தேவையா" என்ற பெரிய கேள்விக்கு ஆய்வகங்கள் எதிரெதிர் விடை சொன்னதற்கு, வாங்கிய கொலாஜனின் தயாரிப்பு முறையும் ஒரு காரணம். ஊடுருவல் ஆய்வுக்கு அமிலத்தில் பிரித்ததையே வாங்குங்கள்.

சீரம் எல்லாப் பூச்சையும் சமன் செய்துவிடும்

கன்றுக்கருச் சீரத்தில் வைட்ரோநெக்டினும் ஃபைப்ரோநெக்டினும் ஏற்கெனவே உள்ளன. 10 சதவீதச் சீரம் கலந்த மீடியத்தில் செல்லைப் போட்டால், வெறும் பிளாஸ்டிக்கும் சிறிது நேரத்தில் வைட்ரோநெக்டின் பூசிய தட்டாகிவிடும். "கோட்டிங் போட்டதிலும் போடாததிலும் ஒன்றுபோல் ஒட்டியது" என்று சொல்பவர் பெரும்பாலும் சீரத்தோடு போட்டிருப்பார். பூச்சுகளை ஒப்பிட வேண்டுமானால், பூசிய பிறகு வெப்பத்தால் சிதைத்த 1 சதவீத பிஎஸ்ஏ (செல் ஒட்டாத மாட்டுச் சீரப் புரதம்) கொண்டு வெற்றிடங்களை மூடி, சீரம் இல்லாத மீடியத்தில் செல்லைப் போட்டு, முதல் ஒன்றிரண்டு மணி நேர ஒட்டுதலை அளக்க வேண்டும். பிஎஸ்ஏ மட்டும் பூசிய வெல்லில் செல் ஒட்டக் கூடாது. ஒட்டினால் சோதனையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஃபைப்ரோநெக்டின் பூசும்போது கரைசலைக் குலுக்கவோ வேகமாக பிப்பெட் செய்யவோ கூடாது. அது நூலாகத் திரிந்து தனியே பிரிந்துவிடும்.

கடினம் மட்டும் கேள்வி என்றால்

2006-ல் எங்லர் குழுவினர் எலும்பு மஜ்ஜையின் மெசென்கைமல் ஸ்டெம் செல்களைப் பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் வளர்த்தார்கள். பூச்சு எல்லாவற்றிலும் ஒரே கொலாஜன்-1. மாற்றியது ஜெல்லின் கடினத்தை மட்டும். 0.1 முதல் 1 கிலோபாஸ்கலில் செல்கள் நரம்புச் செல் சாயலையும், 8 முதல் 17-ல் தசைச் சாயலையும், 25 முதல் 40-ல் எலும்புச் சாயலையும் காட்டின. 2005-ல் வந்த மார்பகச் செல் ஆய்வும் இதே திசையில்தான்: இயல்பான திசு 0.2 கிலோபாஸ்கலுக்கு அருகில், கட்டி 4-க்கு அருகில். ஜெல்லைக் கடினமாக்கியதும் ஒழுங்கான உருண்டைகள் குலைந்தன.

இந்தக் கேள்விக்கு மேட்ரிஜெல்லோ கொலாஜன் ஜெல்லோ சரிப்படாது. செறிவைக் கூட்டினால் கடினத்தோடு ஒட்டும் புரதத்தின் அளவும் கூடிவிடும். எது காரணம் என்று பிரிக்க முடியாது. பாலிஅக்ரிலமைடில் செல் தானாக ஒட்டாது என்பதே அதன் பலம். 5 சதவீத அக்ரிலமைடும் 0.15 சதவீத பிஸ்ஸும் (ஜெல்லைக் குறுக்கே பிணைப்பது) சுமார் 4.5 கிலோபாஸ்கல் தரும். 8 சதவீதமும் 0.48 சதவீதமும் சுமார் 40. ஆனாலும் அட்டவணையை நம்பி விட்டுவிடாமல் சொந்த ஜெல்லை ஏஎஃப்எம்மில் (அணுவிசை நுண்ணோக்கி) ஒருமுறை அளந்துவிடுங்கள். ஜெல்லை உறையவைக்கும் ஏபிஎஸ் கரைசல் பழசாகியிருந்தால் ஜெல் மென்மையாகவே நின்றுவிடும். 18 மி.மீ. கவர்ஸ்லிப்புக்கு 25 மைக்ரோலிட்டர் விட்டால் தடிமன் ஏறக்குறைய 100 மைக்ரோமீட்டர் வரும். அதைவிட மிகவும் மெல்லியதாகப் போனால் செல் அடியிலுள்ள கண்ணாடியை உணரத் தொடங்கும்.

புரதத்தை இணைக்கும் சல்ஃபோ-சன்பா நீரில் சிதையும், வெளிச்சத்திலும் சிதையும். கரைத்த உடனே ஜெல்மேல் விட்டு, 365 நானோமீட்டர் ஒளியில் பத்து நிமிடம். ஆரஞ்சு நிறம் பழுப்பாக இருண்டால் வேலை நடந்தது; நிறம் மாறாவிட்டால் கொலாஜன் பிணையாது, செல்கள் உருண்டையாக மிதக்கும். அதைப் பார்த்துவிட்டு "மென்மையான ஜெல்லில் செல் பரவவில்லை" என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. ஆகவே ஒவ்வொரு கடினத்திலும் ஒரு ஜெல்லையாவது கொலாஜன் ஆன்டிபாடியால் சாயமிட்டுப் பூச்சு சமமாக இருப்பதை உறுதிசெய்யுங்கள்.

செல்லின் பழைய வாழ்க்கையும் கணக்கில் வரும். பிளாஸ்டிக்கில் 10 நாள் வளர்ந்த மெசென்கைமல் செல்களை மென்மையான ஜெல்லுக்கு மாற்றிய பிறகும் கடினத்தை உணர்ந்து கருவுக்குள் போகும் யாப் புரதம் அங்கேயே தங்கியிருந்ததை 2014-ல் காட்டினார்கள். ஒப்பிடும் எல்லாக் குழுக்களும் பிளாஸ்டிக்கில் கழித்த நாட்கள் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஸ்டெம் செல் விட்டுச்சென்ற தளத்தில் புற்றுச்செல்

ஸ்டெம் செல்லும் புற்றுச்செல்லும் ஒரே தளத்தில் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. சிகாகோவில் மேரி ஹென்ட்ரிக்ஸ் குழுவினர் மனித இஎஸ் செல்களை மேட்ரிஜெல்லின்மேல் மூன்று நான்கு நாள் வளர்த்து, 20 மில்லிமோலார் அமோனியம் ஹைட்ராக்சைடால் செல்களை மட்டும் நீக்கி, எஞ்சிய தளத்தில் சி8161 என்ற மூர்க்கமான மெலனோமா (நிறமிச்செல் புற்று) செல்களைப் போட்டார்கள். அவை இஎஸ் காலனிகளைப் போன்ற உருண்டைகளாக அமைந்தன. மெலன்-ஏ என்ற இயல்பான நிறமிச்செல் அடையாளம் திரும்ப வந்தது. 2008-ல் காரணமும் ஓரளவு பிடிபட்டது: இஎஸ் செல்கள் அந்தத் தளத்தில் லெஃப்டி புரதத்தை விட்டுச்செல்கின்றன, அது மெலனோமா செல்களை மூர்க்கமாக்கும் நோடல் சமிக்ஞையை அடக்குகிறது. இந்த லெஃப்டி, கடையில் வாங்கும் எந்தப் பூச்சிலும் கிடைக்காது. இத்தகைய கேள்விக்குச் செல்லே செய்த தளம்தான் ஒரே வழி.

இதைச் செய்ய நினைப்பவர்கள் கட்டுப்பாட்டு வெல்களில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. செல் வளராத மேட்ரிஜெல்லையும் அதே நாட்கள் இன்குபேட்டரில் வைத்து, அதே அமோனியாவில் கழுவி எடுக்க வேண்டும். வேறொரு இயல்பான செல் வளர்ந்து நீக்கப்பட்ட தளம் ஒன்றும் வேண்டும். நீக்கிய பிறகு டிஏபிஐ சாயமிட்டுக் கரு ஒன்றும் மிச்சமில்லை என்று பாருங்கள். நூறில் ஒரு இஎஸ் செல் பிழைத்திருந்தாலும் பிறகு அளக்கும் ஆர்என்ஏ யாருடையது என்ற சந்தேகம் தீராது. அமோனியா மணம் போகும்வரை பிபிஎஸ்ஸால் பல முறை கழுவுங்கள், ஆனால் சுவரோரமாக, மெதுவாக. நடுவில் ஊற்றினால் ஜெல் பெயர்ந்துவிடும்.

தளத்தை மாற்ற முடிவு செய்துவிட்டவர்களுக்கு: மேட்ரிஜெல்லிலிருந்து வைட்ரோநெக்டினுக்கு வந்த செல்கள் தேறி நிற்க இரண்டு மூன்று பாசேஜ் ஆகும். அதுவரை எந்தத் தரவையும் எடுக்காதீர்கள். ஒட்டுவது கடினமான அந்த நாட்களில் பிழைத்து மேலெழும் செல்களில், 20-ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் ஒரு துண்டு இரட்டித்தவை கலந்திருக்கலாம். சாதாரண கேரியோடைப்பிங்கில் (குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்ப்பது) அந்தச் சிறு துண்டு தப்பிவிடும், க்யூபிசிஆர் அல்லது ஃபிஷ் சோதனை வேண்டும். மாற்றுவதற்கு முந்தைய பாசேஜிலேயே பழைய தளத்தில் வளர்ந்தவற்றை ஐந்தாறு குப்பியாவது உறைய வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.